சுவரில் நாலு விரல்

பிள்ளைகள் குதிப்பதைப் படம் பிடித்தால் போதும், யாருக்கு விளையாட்டு வரும் என்று செயலியே சொல்லிவிடுமாம். பி.டி. டீச்சர் அமலோற்பவத்துக்கு அதில் நம்பிக்கையில்லை. வழக்கம்போல் விரல்களில் சாக்பொடி தடவித்தான் ஒவ்வொருத்தியையும் குதித்துச் சுவரைத் தொடவிட்டாள். எல்லோருக்கும் மதிப்பெண் போட்ட செல்போன், டீச்சர் கபடிக்குக்கூடச் சேர்க்காத ஜெனிட்டா குதித்ததும் ‘ஆள் இல்லை’ என்றது. டீச்சர் பத்தடி பின்னால் போய், திரையிலிருந்து கண்ணெடுக்காமல் மறுபடி குதிக்கச் சொன்னாள். மறுபடியும் ‘ஆள் இல்லை’.

“ஏட்டி, எங்கட்டி போற?”

“இங்கனதான் நிக்கேன் டீச்சர்.”

வரிசையில் எல்லோரும் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் பார்த்தாள். மற்றவர்களின் தடங்கள் ஜன்னல் உயரத்தோடு நின்றிருந்தன. அதற்கு மேல் வெறும் சுவர். அதற்கும் மேலே, மாடி ஜன்னலுக்கு அடியில், நாலு வெள்ளை விரல்கள். பக்கத்திலேயே இன்னும் நாலு.

டீச்சர் பின்பக்கமாகவே நடந்தாள். கொடிமரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று, போனை உயர்த்தினாள்.

ஜெனிட்டா அங்கிருந்து சத்தமாகக் கேட்டாள்: “டீச்சர், இப்பமாவது முழுசா குதிக்கட்டுமா?”