இடக்கை எழுத்து

"நம்ம ஆபீஸ்ல ஒத்துமையே இல்லை. அதைக் கெடுக்கிறது யாருன்னு ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுங்க. கூடுதல் சீட்டு வாங்குறவுக நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றார் உப்பள மேனேஜர், ஆபீஸில் இருந்த மூவரிடமும்.

ராமலெட்சுமி நேற்றுத்தான் எடை போடும் செல்லச்சாமியோடு மல்லுக்கு நின்றிருந்தாள். கணக்கர் சதக்கத்துல்லா அவளோடு பேசியே ஒரு மாதமாகிறது. இருவரும் அவள் பெயரைத்தான் எழுதுவார்கள்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இடக்கையால் கிறுக்கிப் போட்டாள். எழுதியதும் நெஞ்சு குளிர்ந்தது.

மேனேஜர் மூன்று சீட்டுகளையும் பிரித்தார். முகம் கறுத்தது.

"மூணுலயும் ஒரே பேரு, ஒரே கோணல் எழுத்து! யாரு வேலை இது?"

ராமலெட்சுமி ஓரக்கண்ணால் பார்த்தாள். மற்ற இருவரின் இடக்கை விரல்களிலும் மை.

"அப்ப நாளைக்கு யாருங்கய்யா வர வேண்டாம்?" என்று பவ்யமாகக் கேட்டார் செல்லச்சாமி.

மேனேஜர் சீட்டுகளைக் கசக்கினார்.

"நாளைக்கு நான் லீவு."