‘ப’ இல்லாத காகங்கள்

‘ப’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் என்று விலை சொன்னார் வெங்காய வியாபாரி பரமலிங்கம். யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வரத் தடை இருந்து, விளக்குக்குத் துளித்துளியாக எண்ணி ஊற்றிய தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. சுன்னாகச் சந்தையில் வேறெவரும் வாய் தவறிக்கூடச் சொல்லாத விலை.

செல்வநாயகி ரீச்சர் ஒத்திகையை நிறுத்தினார். பள்ளிக்கூட நாடகத்தில் வருகிறவை எல்லாம் காகங்கள். அவை பேசுவதற்கென்றே தனியாக ஒரு பாஷை. கோபத்துக்கு ‘ற’வை உருட்ட வேண்டும், பசிக்குக் ‘க’வை மூன்று தரம் இடிக்க வேண்டும். ‘ப’ மட்டும் கிடையாது.

“விக்கிறதுக்கு இதென்ன வெங்காயமே, அண்ணை? காகத்துக்கு இருக்கிறது அலகு. உதடு ஒட்டாமல் ‘ப’ எப்பிடி வரும்?”

“அப்ப ‘ம’ எப்பிடி வந்தது? குஞ்சுக்காகம் தாயை ‘க்றம்மா’ எண்டு கூப்பிடுதே. அதுக்கும் உதடு ஒட்டத்தானே வேணும்?”

எடையில் கால் றாத்தல் குறைந்தாலும் பிடித்துவிடுகிற ஆள். ரீச்சர் தடுமாறினார். “அது… மூக்காலை வாற சத்தம்.”

“என்ன ரீச்சர், ‘ம’வுக்கு ஒரு படிக்கல்லு, ‘ப’வுக்கு வேறை படிக்கல்லோ? சரி, மூண்டு போத்தல்.”

“விளங்குது, விளங்குது. காகமெல்லாம் மேடையிலை நிண்டு ‘பரமலிங்கம், பரமலிங்கம்’ எண்டு கத்தவேணும். காசில்லாத விளம்பரம்!”

பரமலிங்கம் சிரிக்கவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் கறுப்புத் துணிச் சிறகைக் கட்டிக்கொண்டிருந்த மகள் அருந்ததியைப் பார்த்தார். குஞ்சுக்காகம் அவள்தான்.

“அவளின்ரை சைக்கிளுக்கு ஒருத்தன் நல்ல விலை சொன்னான். என்ரை கை சும்மா இருக்கேல்லை, வித்துப்போட்டன்.” குரல் இறங்கியது. “நாலு மாசம், ரீச்சர். என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை. நான் முன்னுக்கு இருக்கத்தக்கதா, ‘அம்மா, அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ’ எண்டுறாள். அவர்! பெத்த தகப்பன், நான் ஒரு அவர்!”

ரீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“நாடகத்திலையெண்டாலும் அவள் வாயாலை ஒருக்கால் ‘அப்பா’ எண்டு வரட்டும். முன் வரிசை வாங்கிலை இருந்து கேட்டுட்டுப் பேசாமல் போயிடுவன்.”

“குஞ்சு தகப்பன்காகத்தைக் கூப்பிடாமலே விடுகுது? ‘க்றாக்’ எண்டு கூப்பிடுதுதானே, அண்ணை.”

“அது கூப்பிடுற சத்தமே? காறித் துப்புற மாதிரியெல்லோ கிடக்கு!”

ரீச்சர் அருந்ததியைத் திரும்பிப் பார்த்தார். விலை போதவில்லை என்று நினைத்துவிட்டார் பரமலிங்கம்.

“அஞ்சு போத்தல். பெற்றோமாக்ஸ் விளக்கு ஒண்டும் தாறன், உங்களுக்கே வைச்சிருங்கோ. உங்கடை பாஷை, உங்கடை பேனை. ஒரு எழுத்துத்தானே ரீச்சர், போட்டுவிடுங்கோவன்.”

ரீச்சர் கையிலிருந்த நாடகக் கொப்பியை மெதுவாக மூடினார்.

“நாடகம்தான் அண்ணை நான் எழுதினது. பாஷை உங்கடை மகள் கட்டினது.”