ஆறாம் எண் படுக்கை

ஆறாம் எண் படுக்கையை இன்சார்ஜ் சிஸ்டர் ஜெபிஷாவுக்குக் கொடுத்தார்.

பலகையில் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் எதிரே நர்ஸ்களின் பெயரை எழுதிக்கொண்டே வந்தார். ஆறுக்கு எதிரே மட்டும் எழுத்து கோணிக்கொண்டு போனது. அவசரம் என்று நினைத்தேன்.

ஆறில் படுத்திருந்தவள் என் மனைவி ஞானகுமாரி. முந்தின நாள்தான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். ஜெபிஷா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. வானகரத்தில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்க, இங்கே வந்ததே அந்த சிஸ்டரை நம்பித்தான்.

முப்பத்திரண்டு வருடம், மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் மேற்பார்வை பார்த்தவன் நான். பிரேக் சோதனையை ஒருநாளும் இன்னொருவர் கையில் விட்டதில்லை. முக்கியமானதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

சிஸ்டர் ஜெபிஷாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“பிரஷர் தொண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா நேரா டாக்டருக்குப் போன் போடு. என்னைக் கேட்டுகினு நிக்காத.”

அதை அந்தப் பெண்ணையே ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு பதினொன்றாம் படுக்கைக்குப் போய்விட்டார்.

நான் கெஞ்சிப் பழகாதவன். இருந்தும் பின்னாலேயே போய், நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. “ஆறு ஜெபிஷாவோடது, சார். அவங்களைக் கேளுங்க.”

சார். என் முதுகு இன்னும் விறைத்தது.

“இன்னா பெரியவரே, ரயிலுக்குக் கொடி காட்ற மாதிரி நிக்கிறீங்க, குந்துங்க” என்றான் வார்டு உதவியாள் வேம்புலி.

நான் உட்காரவில்லை.

பதினொன்றரைக்கு ஞானகுமாரியின் நெற்றி வியர்த்தது. ஜெபிஷா பிரஷர் பார்த்தாள். எண்பத்திரண்டு.

அவள் சிஸ்டரைத் தேடவில்லை. ஒரு கையால் கால்மாட்டை உயர்த்தினாள், மறுகையால் போன் போட்டாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் சலைன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தப் பை வாங்க வேம்புலி ஓடியிருந்தான்.

நான் சிஸ்டரைப் பார்த்தேன். பதினொன்றில் இருந்த லத்தீஃபா அம்மாளை, அறுவைக்குப் பின் முதல்முறையாக நடக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை ஆறின் பக்கம் திரும்பினார். தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. இன்னும் ஓர் அடி வையுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னார்.

ஒரு மணிக்கு ஞானகுமாரியின் பிரஷர் நூற்றுப்பத்து. உள்ளே ரத்தக்கசிவு நின்றுவிட்டது, பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஜெபிஷாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். என் ஷெட்டில் இப்படி ஒருவரையும் நான் தயார் செய்ததில்லை.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. சிஸ்டர் பன்னிரண்டு படுக்கைகளையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தார். பெயர் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார். ஆறுக்கு வந்தார்.

ஒரு கரண்டி தண்ணீர் தரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிஸ்டர் எடுத்தார். ஞானகுமாரியின் உதட்டுக்குப் போவதற்குள் பாதி சிந்தியது. மறுபடி எடுத்தார். மறுபடி சிந்தியது.

காலையில் பலகையில் எழுதிய அதே கை. லத்தீஃபா அம்மாளின் தோளில் அது நடுங்கவே இல்லை.

கரண்டியை என்னிடம் நீட்டினாள் என் மகள்.

“அம்மாவுக்கு நீங்க குடுங்கப்பா.”