முதல் சொல்

பூரணியின் சைக்கிளில் அன்றுதான் ஒரு ஜிபிஎஸ் கருவி வந்து உட்கார்ந்தது. கைப்பிடியில் அதற்குப் பக்கத்திலேயே பழைய மணி இருந்தது.

பூரணி கருவியில் அணைக்கட்டைக் குறித்துவிட்டுக் கிளம்பினாள். கருவி வானத்தில் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் அவள் மிதிக்கத் தொடங்கிவிட்டாள். சாலையோ அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஏறியது.

"ஏதாவது ஓர் அம்புக்குறியைக் காட்டேன். சும்மா இருந்தால் உன்னைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள்" என்றது மணி.

கருவிக்கும் அந்தப் பயம் இருந்தது. "நான் இருக்கும் இடமே எனக்கு இன்னும் தெரியவில்லையே. எப்படி வழி சொல்வது?" என்று கேட்டுவிட்டு அது தேடிக்கொண்டே வந்தது.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் இடம் பிடிபட்டது. அணைக்கட்டு இருந்தது எதிர்த்திசையில்.

"இதைப் போய்ச் சொல்லாதே. இவ்வளவு ஏற்றம் ஏறி வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு டீக்கடையைக் காட்டிச் சமாளி" என்றது மணி.

கருவி திரை முழுக்கப் பெரிதாகக் காட்டியது: 'திரும்பிச் செல்லவும்'.

பூரணி பிரேக் பிடித்தாள். மூச்சு வாங்க, ஏறி வந்த சாலையைப் பார்த்தாள். அவள் கை கருவியை நோக்கி நீண்டது. கருவி சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அவள் விரல் திரையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தது. பிறகு சைக்கிளைத் திருப்பினாள்.