இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்

"பிரேக் மிதியைப் பாருங்க. ரப்பர் மழமழன்னு ஆயிருச்சு. இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்லயா இப்படித் தேயும்?"

மாறனுக்குச் சுருக்கென்றது. செங்கம் ரோட்டில் பழைய கார் கடை போட்டு ஒரு வருஷமாகிறது, இதுவரை ஒருத்தரும் குனிந்து மிதியைப் பார்த்ததில்லை. இவளோ ஸ்கூட்டியை நிறுத்தியவள், வெயிலுக்கு முகத்தில் சுற்றிய துப்பட்டாவைக்கூட அவிழ்க்காமல் நேரே வெள்ளைக் காருக்குள் தலையை விட்டுவிட்டாள்.

"முன்னாடி ஓட்டின டீச்சரம்மாவுக்கு பிரேக்குலயே காலை வெச்சிக்கிற பழக்கம், சிஸ்டர்," என்று சிரித்தான். "ஸ்கூலை விட்டா வீடு. வேற எங்கயும் போனதில்ல."

"நாலு டயரும் புதுசா இருக்கே?"

"நான்தான் மாத்தினேன். வாங்குறவங்களுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு."

"அதுக்குள்ள பழைய டயர் தேஞ்சு போச்சா? டீச்சரம்மா ஸ்கூல் என்ன சென்னையிலயா இருக்கு?"

யூடியூப்பைப் பார்த்துவிட்டு வந்து உயிரை வாங்குகிறாளே! அதற்குள் அவள் ஸ்டியரிங் உறையின் ஓரத்தை நகத்தால் விலக்கிப் பார்த்தாள். உள்ளே தேய்ந்து வழவழவென்று பளபளத்தது.

கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் கீழ்பென்னாத்தூர் பலராமன் மனைவி ராணியம்மாளோடு உட்கார்ந்திருந்தார். கடலை விற்ற காசோடு இதே காருக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர். அவர் காதில் இது விழுந்தால் வியாபாரமும் போச்சு, கடை பேரும் போச்சு.

"மெதுவா பேசுங்க சிஸ்டர். விலையை வேணா கம்மி பண்ணித் தரேன்." அவள் இன்னும் விலையே கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"விலையை விடுங்க. மீட்டரைக் கம்மி பண்ணது யாரு?"

மாறனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"ஆமா, நான்தான். ஒன்றரை லட்சம் ஓடின வண்டி. ஆசிரமத்துக்கு வர வெள்ளைக்காரங்களை ஏர்போர்ட்டுக்கு ஏத்தி இறக்கிக்கிட்டே கிடந்தது. உள்ளதைச் சொன்னா எவன் வாங்குவான்? ஊர்ல எவன் குறைக்கல, சொல்லுங்க?"

"மரத்தடியில இருக்காரே, அவருக்கு என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"டீச்சரம்மா கதைதான். நாளைக்குக் கடை லீவு, வீட்ல விசேஷம், இன்னைக்கே முடிச்சுக்கோங்கன்னேன். அவரு நம்பினா நான் என்ன பண்றது?"

"உங்க வீட்டு ஆளுங்கன்னா இப்படிச் செய்வீங்களா?"

"வீடு வேற, வியாபாரம் வேற. வீட்ல நான் பொய்யே சொல்ல மாட்டேன், சிஸ்டர்."

"வாய் ஒண்ணுதானே இருக்கு உங்களுக்கு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மரத்தடிக்கு நடந்தாள். மாறன் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, அந்த வண்டி ஒன்றரை லட்சம் ஓடினது. மீட்டரைத் திருத்தி வெச்சிருக்காரு. இப்பதான் அவர் வாயாலயே சொன்னாரு."

பலராமன் மாறனையே பார்த்தார். மாறன் தலையைக் குனிந்துகொண்டான். ராணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாமலையாருக்குக் கற்பூரம் ஏத்திட்டு நேரா உன் கடைக்குத்தானேப்பா வந்தோம்," என்றார் பலராமன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.

மாறனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"யாருடி நீ? என் பொழப்புல மண்ணைப் போட எந்தக் கடைக்காரன் உன்னை அனுப்பினான்? வண்டி வாங்கவே நீ வரல!"

"ஆமா, வாங்க வரல. யாரும் அனுப்பவும் இல்ல."

பதறாமல் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர வேணாம்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. பொண்ணே வந்து பாத்துட்டுப் போயிட்டா."