கை பட்ட இடம்

“இன்னாடி சொல்ற? ஏரோப்ளேன் ரிப்பேர் பண்ற மனுஷன் சக்கரம் கழுவிக்கினு இருக்காரா?”

தீபாவளிக்காக நகரியிலிருந்து ரேணிகுண்டாவுக்கு, மகள் வீட்டுக்கு வந்த சந்திரம்மா கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மெதுவாப் பேசும்மா. அவரு குளிச்சிக்கினு இருக்காரு” என்றாள் அகிலா.

“அப்ப ஐதராபாத் ட்ரெய்னிங்?”

“கூட வேல செய்யற வேணுவ அனுப்பறாங்க. இவரு பேரை எடுத்துட்டாங்க.”

சந்திரம்மா பையைத் தொப்பென்று கீழே போட்டாள். ட்ரெய்னிங் முடிந்தால் மாப்பிள்ளைக்குப் பெரிய வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ் என்று தறிக்கூடத்தில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள்.

“அப்படி இன்னா தப்பு பண்ணாரு?”

“ஏதோ பேரிங் கெட்டுப்போச்சாம். ‘என் தப்புதான், விடு’ன்றாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறாரு.”

“குடிச்சிட்டுப் போனாரா?”

“அம்மா!”

“பின்ன இன்னாடி? ஆயுத பூஜைக்கு நம்மளக் கூட்டிக்கினு போனப்ப அந்த ஷெட்டுல அவருக்கு எவ்ளோ மரியாதை! ஒரே மாசத்துல சக்கரம் கழுவற அளவுக்கு இன்னா ஆயிடும்?”

அகிலாவுக்கும் தெரியவில்லை. பேச்சை மாற்ற, புதிதாக வாங்கிய கிரைண்டரைக் காட்டினாள்.

“பொட்டு வெக்காமயா கரண்ட் போட்ட?” என்று அதற்கும் ஒரு சண்டை. சந்திரம்மாவே சந்தனம் குழைத்தாள். மூன்று விரலைப் பதித்துக் கீழே இழுத்தாள். மூன்று கோடுகள் விழுந்தன. நடுக்கோடு மட்டும் குட்டை. தறியில் மாட்டி நடுவிரல் நுனி போனதிலிருந்து அவள் போடும் பட்டை எப்போதும் அப்படித்தான்.

தனசேகர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

“வாங்க அத்த. பஸ்ஸுல கூட்டமா?”

“கூட்டந்தான் மாப்ள” என்று முந்தானையைச் சரிசெய்தவள், மகள் பக்கம் திரும்பி, “சில பேரு கையில எதக் குடுத்தாலும் தங்காது போலக்குது” என்றாள்.

அகிலா பல்லைக் கடித்தாள். தனசேகர் சந்தனக் கோடுகளையே ஒரு நிமிஷம் பார்த்தான்.

“பால் வாங்கிக்கினு வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“பாத்தியா? ஒரு வார்த்த பதில் சொல்றாரா பாத்தியா?”

அதற்குள் வாசலில் பைக் நின்றது. கையில் இனிப்புப் பெட்டி, தோளில் பையோடு ஒருவர் வந்தார்.

“கிருஷ்ணப்பா சாரும்மா. அவரோட சூப்பர்வைசர்” என்று அகிலா கிசுகிசுத்தாள்.

அவர் உட்காரக்கூட இல்லை, சந்திரம்மா பிடித்துக்கொண்டாள்.

“சார், நான் தனசேகருக்கு மாமியா. எங்களுக்கு ஒண்ணுமே புரியல சார். எங்க மாப்ள குடிக்கிறாரா?”

“அய்யய்யோ, லேதம்மா, இல்லவே இல்ல!” அவர் பதறிப்போனார். “பேரிங்னா தெரியுமா? சக்கரத்துக்குள்ள இருக்கற வளையம். பிளேன் தரையில எறங்கும்போது பாரமெல்லாம் இது மேலதான். கழட்டி, கழுவி, லென்ஸ் வெச்சிப் பாப்போம். விரிசல் இருக்குதா, குழி விழுந்திருக்குதா, சூட்டுல நிறம் மாறியிருக்குதான்னு. வெறுங்கையால தொடவே கூடாது. வேர்வை பட்டாலே துரு புடிக்கும். அந்த எடம் அப்பறம் உதிரும்.”

“அது மாப்ளைக்குத் தெரியாதா?”

“அதாம்மா எனக்கும் புரியல! எங்க ஷெட்டுல அவன் கை மாதிரி சுத்தமான கை கெடயாது. பூஜை லீவு முடிஞ்சி வந்து பாத்தா, மேஜை மேல இருந்த பேரிங்க அவன் தொடச்சிக்கினு இருந்தான், அடியில துரு. யாரு தொட்டதுன்னு கேட்டேன். ‘உள்ள எடுத்து வெக்காதது நான்தான் சார், தப்பு என்னுது’ன்னான். யாருன்னு மட்டும் சொல்லல. சொல்லியிருந்தா ஐதராபாத்துக்கு அவனேதான் போயிருப்பான்.”

சந்திரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

“எவன் சார் அவன்? என் பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டு நல்லாத் துன்னுட்டுத் தூங்கறானே! அந்தக் கை வெளங்குமா?”

“இருங்கம்மா, காட்றேன். இனிமே இது பிளேனுக்கு ஆகாது. புதுப் பசங்களுக்குக் காட்டத்தான் எடுத்துக்கினு சுத்தறேன்” என்று பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

கண்ணாடி மாதிரி பளபளத்தது எஃகு வளையம். அதன் பக்கவாட்டில் பழுப்பாக மூன்று கோடுகள்.

நடுக்கோடு குட்டை.

ஆயுத பூஜையன்று மாப்பிள்ளையின் மேஜையில் வெள்ளைத் துணிக்கடியில் மின்னிய வளையம். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் இதை மட்டும் மறந்துவிட்டார்களே என்று, யாரும் பார்க்காதபோது துணியை விலக்கிப் பட்டை போட்டது அவள்தான்.

“எந்த ஆளு கைன்னு இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன்” என்றார் கிருஷ்ணப்பா.

பால் பாக்கெட்டோடு தனசேகர் வாசலில் நின்றிருந்தான். அத்தையைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

சந்திரம்மா, சந்தனம் இன்னும் காயாத வலது கையை அந்த வளையத்துக்கு மேலே, தொடாமல் நீட்டினாள்.