பல்கனியில் ஒரு பேர்ச் மரம்

"இதெல்லாம் ஒரு மனிசனே? பச்சை மரத்தைப் பனிக்குள்ளை புதைச்சுவைச்சிட்டு அந்தாள் ஸ்தவாங்கருக்குப் போயிட்டுது!"

தொலைபேசியில் ஜெயகுமாரி பொரிந்து தள்ளியதைக் கேட்டுக்கொண்டிருந்த மரியரஞ்சனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆரையடி சொல்லுறாய்?"

"வேறை ஆர்? கீழ்வீட்டு இந்திரகுமார்தான்."

ஸ்தவாங்கரில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேறுக்கென்று இந்திரகுமாரும் மனைவியும் புறப்பட்டபோது, கடிதங்களை எடுத்து வைக்கச் சொல்லி வீட்டுத் திறப்பை ஜெயகுமாரியிடம் கொடுத்திருந்தார்கள். கடிதம் எடுக்கப் போனவள் பல்கனிக் கதவையும் திறந்து பார்த்தாள்.

அங்கே ஒரு பெட்டி. பெட்டி நிறைய மரப்பட்டைத் தூள். அதற்குமேல் ஒரு சாண் பனி. பனியிலிருந்து தலை நீட்டிக்கொண்டு ஒரு போன்சாய் பேர்ச் மரம், ஓர் இலைகூட இல்லாமல், எலும்பும் தோலுமாக.

"பத்தொன்பது வருசமா வளக்கிறாராம். சட்டிக்குள்ளை அடைச்சு, கம்பி சுத்தி, கிளையை வெட்டி, இப்ப மைனஸ் பதினாலிலை விறைக்க விட்டிருக்கிறார். இதுக்குள்ளை கோயிலிலை சீவகாருண்யம் எண்டு பேச்சு வேறை!"

"போகேக்கை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். 'தண்ணி ஒண்டும் ஊத்தவேண்டாம், அப்பிடியே விடுங்கோ' எண்டு. கஞ்சன்! மரத்துக்கும் பட்டினி."

ஜெயகுமாரிக்கு மனம் கேட்கவில்லை. மரத்தைச் சட்டியோடு தூக்கிவந்து தன் வீட்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கிழமையில் கிளை நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பச்சை துளிர்த்தது.

படம் எடுத்து எல்லிங்ஸ்ருட் பகுதித் தமிழர்களின் வைபர் குழுவில் போட்டாள். 'ஒரு சீவனைக் காப்பாற்றியாச்சு.'

கைகூப்பல்கள் வந்து குவிந்தன. 'சில மனிசருக்கு இரக்கமே இல்லை' என்று யாரோ எழுத, அதற்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

அடுத்த கிழமை இந்திரகுமார் வந்தார். வாசலில் நின்றபடியே மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தணிந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னார். பிறகு மரத்தை ஜக்கெற்றுக்குள் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"நன்றியெண்டாவது சொன்னவரோ?" என்று கேட்டாள் மரியரஞ்சனி.

"அந்தாளுக்கு அதெல்லாம் எங்கை தெரியும்?" என்று ஜெயகுமாரி கதையை மாற்றினாள்.

மே மாதம் டுக்னாட் வந்தது. குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டிக் குப்பை அள்ளும் நாள். வேலை முடிந்து கோப்பி குடிக்கும்போது, மரியரஞ்சனி நாலுபேர் காதில் விழவே கேட்டாள்.

"அண்ணை, ஜெயகுமாரி காப்பாத்தின மரம் எப்பிடி இருக்கு?"

ஜெயகுமாரி எழுந்து குப்பைப் பையொன்றைக் கட்டத் தொடங்கினாள்.

இந்திரகுமார் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"அது பட்டுப்போச்சு பிள்ளை. ஜெயகுமாரி நல்லாத்தான் பாத்துத் தந்தவ. நான்தான் பிறகு கவனிக்காமல் விட்டிட்டன்."

"அந்தப் பிள்ளை உயிர் குடுத்துத் தர, உங்களுக்கு ரண்டு மாசம் வைச்சிருக்கத் தெரியேல்லை. உங்களுக்கெல்லாம் எதுக்கண்ணை மரம்?" என்றார் ஒருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். இந்திரகுமாரும் சிரித்துவிட்டு, குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் ஜெயகுமாரி, யார் முகத்தையும் பார்க்காமல்.

வீட்டுக்குத் திரும்பும்போது மரியரஞ்சனி அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் அப்பிடி ஒண்டு வாங்க ஆசையடி. பனிக்காலத்திலை அதை என்ன செய்யவேணும்? உனக்குத்தானே தெரியும்."

ஜெயகுமாரி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியிலை, பனிக்குள்ளையே விடு. அது அப்ப நித்திரையடி. சூட்டுக்குள்ளை கொண்டுவந்து எழுப்பினால் செத்துப்போம். இந்திரகுமார் அண்ணை அண்டைக்கு வாசலிலை வைச்சே எனக்குச் சொன்னவர்."